மோதிரத்தில் சுற்றிய நூல்

முதல் பனி விழுந்த வாரம் செய்தி வந்தது.
கணவாயில் குதிரை இடறிவிட்டதாம்.
குதிரை பிழைத்துக்கொண்டது.

தோல்பையில் அவர் மோதிரம் மட்டும்.
அதில் வெட்டிய கரடி
மெழுகில் பதிந்தால்தான்
இந்தப் பிரனீஸ் பள்ளத்தாக்கில் எதுவும் நடக்கும்:
உப்பு ஊற்றைத் திறக்கலாம்,
பாலத்தில் சுங்கம் கேட்கலாம்,
ஒருவனைத் தூக்கிலிடலாம்.

உகெத்துக்கு அப்போது நான்கு வயது.
கட்டைவிரலில் மாட்டிவிட்டேன்,
கழன்று உருண்டோடி
வேட்டைநாயின் காலடியில் நின்றது.
பிரபுக்கள் யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் பயமாயிருந்தது.

அவருக்கென்று நெய்துகொண்டிருந்த இடைக்கச்சை
பாதியில் நின்றது தறியில்.
அதன் சிவப்புக் கம்பளி நூலை அறுத்து
அன்றிரவு மோதிர வளையத்தில் சுற்றினேன்,
பதினோரு சுற்று.
காலையில் விரலில் நின்றது.
சின்னக் கையைப் பிடித்து அழுத்தினேன்.
'சுடுது' என்று அழுதான்.
கரடி பதிந்துவிட்டிருந்தது.

ஈஸ்டர் கழிந்து கொழுந்தன் ஆதெமார் வந்தான்
துக்கம் விசாரிக்க,
நாற்பது குதிரை வீரர்களோடு.
நாற்பது குதிரைகளுக்கும் புல் போட்டேன்,
ஓட்ஸ் போட்டேன்,
ஒவ்வொன்றுக்கும் விலை குறிக்கச் சொன்னேன்.
மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில்
எழுத்தர் பொன்ஸ் அந்தக் கணக்கை
அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார்.
ஆதெமாருக்குப் படிக்கத் தெரியாது.
தோலின் நீளம் தெரிந்தது.
விடியுமுன் கிளம்பிவிட்டான்.

பிறகு ஆலைத் தகராறு. ஓநாய்கள்.
மதகு எந்தப் பக்கம் திறப்பது என்று
இரண்டு கிராமங்கள் மண்டை உடைத்துக்கொண்டன.
ஆயரின் கடிதங்கள் 'கீஸ்லா, மகளே' என்று தொடங்கும்,
கடன் கேட்கிற மாதங்களில்
'மாட்சிமை மிக்க சீமாட்டி' என்று.

கர்சியா மூன்று மூட்டை உப்பு திருடினான்.
முதல் மூட்டைக்கு எச்சரித்தேன்,
இரண்டாவதுக்குக் காதை அறுத்தார்கள்.
அவன் மனைவி முற்றத்துச் சேற்றில் நின்றாள்,
அழவில்லை, கெஞ்சவில்லை,
என் கறுப்பு முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அளவெடுப்பவள் போல.
அன்று உகெத்தின் கையை நான் பிடிக்கவில்லை.
மோதிரத்தைக் கழற்றி நானே அழுத்தினேன்.
ஜன்னலில் யார் நின்றதென்று
திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டுதோறும் புனித மிக்கேல் திருநாளில்
ஒரு சுற்று அவிழ்ப்பேன்.
எண்ணிக்கொண்டே கை நீட்டுவான்.
ஒன்பதாவது அவிழ்த்தபோது
அவன் விரல் தகப்பன் விரலைத் தாண்டியிருந்தது.
மோதிரம் வெறுமனே பொருந்தியிருக்கும்.

நானோ,
பாலத்தின் கடைசி வளைவு முடியட்டும் என்றேன்,
ஆதெமார் சாகட்டும் என்றேன்.
இரண்டும் நடந்தன.
யாரும் விழிக்காத நேரத்தில்
கம்பளியை எடுத்துவிட்டுப் பட்டு நூல் சுற்றினேன்,
மெல்லியது, அதே சிவப்பு.
வழக்குகளைக் கேட்கிற நாற்காலியில்
என் முதுகுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.
அதை விட மனமில்லை,
வேறென்ன சொல்ல.

பதினாறு முடிந்த குளிர்காலம்,
எல்லோரும் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தபோது
உகெத் கத்தியை எடுத்தான்.
நூலை அறுத்தான்.
விரலைச் சுற்றி வெளிறிய தடம்,
ஆண்டுக்கணக்கில் இறுகியது.
'வலிக்குது அம்மா' என்றான்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் சொல்ல, பொன்ஸ் எழுதினார்:
கர்சியாவின் கைம்பெண்ணுக்கு
ஆண்டுக்கு மூன்று மூட்டை உப்பு.
பொன்ஸ் என்னைப் பார்த்தார்.
நான் ரொட்டியைப் பார்த்தேன்.

மெழுகு உருகி விழுந்ததும்
பழக்கத்தில் என் கை மேசைமேல் நீண்டது,
'சுடும்' என்று சொல்ல வாயும் திறந்தது.
அதற்குள் அழுத்திவிட்டான்.

கரடி கொஞ்சம் சாய்ந்து பதிந்திருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.